என் சாவுக்கு வந்த காளை

நான் செத்துப்போன செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.

அன்று காலை மலைச்சரிவில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சாணி எரு. கீழே சாலையில் வெடிச்சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், வளைவில் ஒரு கூட்டம் ஏறி வருகிறது. முன்னால் கறுப்புக் கம்பளி போர்த்திய ஆண்கள், பின்னால் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்ட பெண்கள், நடுவில் கொம்பில் கயிறு கட்டிய ஒரு காளை. சாவு ஊர்வலம். எங்கள் ஊரில் யாரும் இழுத்துக்கொண்டு கிடந்ததாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் சாவு ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் சீனத்து மலைகளில் வாழும் எங்கள் நோசு இனத்தில் மனிதனே இல்லை. மண்வெட்டியைப் போட்டேன், கையைப் புல்லில் துடைத்தேன், ஓடிப்போய்க் கூட்டத்தின் வாலில் சேர்ந்துகொண்டு என் குரலுக்கு எட்டிய மட்டும் ஒப்பாரி வைத்தேன். கொஞ்ச தூரம் அழுதுகொண்டே நடந்த பிறகுதான் பக்கத்தில் வந்தவனிடம் மெதுவாக விசாரித்தேன்.

"யாருப்பா செத்தது?"

"முஜி அண்ணனோட மச்சான். ஷிஹான்னு பேரு. பாவம், சாகற வயசில்ல."

முஜி என் மனைவியின் அண்ணன். ஷிஹா நான்.

நான் போட்ட கூச்சலில் ஊர்வலம் நின்றது. முன்னால் போன முஜி, "ஐயோ என் மச்சானே, மலை சரிஞ்சாப்ல சரிஞ்சியே" என்று பாதி வரியில் இருந்தவன், திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தபடியே நின்றான். ஒரு பெண் என்னைப் பேயென்று நினைத்துக் கல்லை விட்டெறிந்தாள். முழங்காலில் பட்டது. வலிக்குதே என்று கத்திய பிறகுதான் கூட்டத்துக்கு நம்பிக்கை வந்தது.

"நீ செத்துட்டேல்ல?" என்றான் முஜி.

"செத்த மாதிரியா இருக்கு?"

"அப்பறம் என்னத்துக்குடா நீயும் அழுதுட்டு வர்ற?"

"ஊர்ல ஒரு சாவுன்னா அழ வேணாமா?"

முஜிக்கு முகம் சிவந்தது. துக்கத்தில் வந்தவனுக்கு ஆள் உயிரோடு இருந்தால் சந்தோஷம்தானே வரவேண்டும்? அவனுக்குக் கோபம் வந்தது. "ரெண்டு மலை தாண்டி வந்திருக்கேன். எங்க குலத்தையே கூட்டிட்டு வந்திருக்கேன். தங்கச்சி புருஷன் செத்துப் பல நாளாச்சு, எங்களுக்கு ஒரு ஆள் சொல்லியனுப்பலையேன்னு வயிறு எரிஞ்சு வந்திருக்கேன். மாட்டையும் ஓட்டிட்டு வந்துட்டேன். இப்ப யாராச்சும் செத்தே ஆகணும்!"

ஒரு வார்த்தை ஃபோனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்க மாட்டோம். சாவை ஃபோனில் விசாரித்தால் இல்லாத சாவும் வந்து சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. சாவென்றால் நேரில் போக வேண்டும், காளையோடு போக வேண்டும். முறை தெரிந்தவன் முஜி. முறைப்படிதான் வந்திருந்தான்.

அவன் மகன் எர்பு தன் ஃபோனை எடுத்து என் மூக்கின் முன் நீட்டினான். அதில் என் மகள் லாஸோ. நாங்கள் விட்டுவிட்டு வந்த பழைய மண்வீட்டில், கன்னத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கிழிந்த சட்டையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. நகரத்துச் சீனர்கள் பேசும் ஹான் மொழியில் ஏதோ சொல்லி விம்மி விம்மி அழுதாள். எனக்கு அந்த மொழி சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும். எர்பு எங்கள் மொழியில் சொன்னான்: "'அப்பா குளிர்காலத்துல செத்துட்டார். அம்மா எங்களை விட்டுட்டு ஓடிட்டா. இந்த அக்ரூட்டை நீங்க வாங்கினாத்தான் தம்பிக்குச் சோறு.' இதான் மாமா சொல்லுது."

இதற்குள் என் மனைவி வூகா கீழே இருந்து ஓடிவந்துவிட்டாள். வந்த வேகத்தில் கடைசிப் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

"நான் ஓடிட்டேனா? யாரோட?" என்று எர்புவைப் பிடித்தாள். "சொல்லுடா, யாரோட ஓடினேன்? ஆளையாவது பார்க்கற மாதிரி சொன்னாளா?"

அக்ரூட் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. இது ஃபெங்கின் வேலை.

ஃபெங் நகரத்துக் கம்பெனி ஒன்றின் ஆள். போன இலையுதிர்காலத்தில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் ஊரில் ஷூவில் சேறு படாமல் நடக்கத் தெரிந்த ஒரே மனிதன் அவன்தான். உங்கள் ஊர் அக்ரூட்டை ஃபோன் வழியாக நாடு முழுக்க விற்றுத் தருகிறேன், உங்கள் மகள் நன்றாக ஹான் மொழி பேசுகிறாள், அவள் பேசட்டும் என்றான். நல்லதுதானே என்றேன். எங்கள் வீட்டிலேயே படம் பிடிக்கச் சொன்னேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வெள்ளை வீடு, சுவரில் மாட்டுக்கொம்பு ஓவியம், உள்ளே குளிர்சாதனப் பெட்டி. "வேணாம் ஐயா, மேல இருக்கற பழைய வீட்லதான் வெளிச்சம் நல்லாருக்கு" என்றான். பாதிக் கூரை இல்லாத வீட்டில் வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றால், "ஐயா, உங்க நிழல் விழுது" என்று சிகரெட் ஒன்றைக் கையில் கொடுத்துச் சுவருக்குப் பின்னால் அனுப்பிவிடுவான். நானும் போய்ப் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான் புகை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் என்னைக் கொன்றிருக்கிறார்கள்! அவன் கொடுத்த சிகரெட்டை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை எரிகிறது.

கூட்டம் முழுவதும் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தது. என்ன இருந்தாலும் விருந்தாளிகள். வூகா திட்டிக்கொண்டே உருளைக்கிழங்கு வேகவைத்தாள், திட்டிக்கொண்டே சோளச் சாராயம் ஊற்றிக்கொடுத்தாள். நான் லாஸோவை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினேன். பதினாறு வயதுப் பெண். தலையைக் குனியவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எதுக்குடி சொன்ன?"

"சொன்னாத்தான் பாடத்துக்குப் பணம் கட்டுவேன்னான்."

போன வருடம் அவள் நகரத்து மேல்நிலைப் பள்ளிக்கான தேர்வில் கணக்கில் தோற்றுப்போனாள். தோற்காமல் என்ன செய்வாள்? எங்கள் பள்ளிக்கு வந்த கணக்கு வாத்தியார்களில் ஒருவர் குளிர் தாங்காமல் போனார், ஒருவர் கல்யாணத்துக்கென்று போய் அப்படியே போனார், மூன்றாமவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இந்தக் கோடையில் மறுபடி எழுத வேண்டும். இம்முறையும் தோற்றால் இன்னொரு முறை கிடையாது. எங்கோ கடலோர நகரத்து வாத்தியார் ஒருவர் ஃபோனில் கணக்குச் சொல்லித்தருகிறாராம். முதல் பாடம் சும்மா, மற்றதெல்லாம் காசு. ஃபெங் அதைக் கட்டி, அந்தப் பாடம் ஓடுகிற கம்பெனி ஃபோன் ஒன்றையும் கொடுத்திருக்கிறான்.

"அந்த வாத்தியார்தான் அப்பா, புரியலன்னா எத்தனை தடவை வேணா திருப்பிச் சொல்றார். மூஞ்சியைச் சுளிக்கறதில்ல."

"அதுக்கு என்னைக் கொல்லுவியா?"

"ஒரேயடியா கொல்லல அப்பா." அவள் குரல் இறங்கியது. "வெறும் அக்ரூட் பத்திப் பேசினப்ப யாரும் பார்க்கல. பசிக்குதுன்னு சொல்லுன்னான். சொன்னேன். அப்பறம் அம்மாவை ஓடவச்சான். உங்களுக்கு முதல்ல காய்ச்சல்தான் வந்துச்சு. கொஞ்ச நாள் இருமினீங்க. அப்பறம்தான்..."

"இருமினப்ப எத்தனை பேர் பார்த்தாங்க?" இதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒரு ஆயிரம் பேர்."

"செத்தப்ப?"

"ரெண்டு லட்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்த மலையில் பிறந்து, பனியில் ஆடு மேய்த்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, ஒன்றைப் பறிகொடுத்து, வாழ்ந்த வாழ்க்கையை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தால் மட்டும் இரண்டு லட்சம் பேர்! உருளைக்கிழங்கு தின்று பசியாறி உட்கார்ந்திருக்கிற மலைக்காரன் யாருக்கும் வேண்டாம். பட்டினி கிடக்கிற அவன் அனாதைப் பிள்ளைதான் வேண்டும். அதைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஒரு பை அக்ரூட் வாங்கிப் போட்டுவிட்டு, புண்ணியவான்களாகப் படுத்துத் தூங்குவார்கள்.

கூட்டத்தில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எல்லாப் பிள்ளைகளின் ஃபோனையும் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்க வேண்டும் என்றான் ஒருவன். ஃபோன் வந்த நாள் முதல் பையன்கள் விளையாட்டைத் தட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், ஆடு எங்கே போனாலும் தெரிவதில்லை என்றான் இன்னொருவன். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் சொன்னவன் தன் ஃபோனில் வந்த அழைப்பை எடுத்துப் பேசி முடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னான். என் மூத்தவன் தெற்கே தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் முகத்தை வூகா பார்ப்பது ஃபோனில்தான். இவர்கள் பிசாசென்று திட்டும் இதே ஃபோனில்தான் என் மகளுக்கு முதல்முறையாக ஒரு வாத்தியார் கிடைத்தார். பிசாசென்று சொல்லி நசுக்கிவிட்டால், பெட்டியைப் பிரிக்காத வாத்தியார் திரும்பி வந்துவிடுவாரா?

முஜி சாராயக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இதெல்லாம் வேணாம். தப்பு நடந்துபோச்சு, எங்க குலத்துக்கு அவமானம் ஆயிப்போச்சு. அதுக்கு ஒரே வழிதான். லாஸோ எனக்கு மருமக. நான் தாய்மாமன், எர்பு முறைப் பையன். இந்த வருஷமே அனுப்பிடு. எங்க வீட்ல ஃபோனும் வேணாம், பரிட்சையும் வேணாம். அடுப்படியில இருந்தா அப்பனைக் கொல்லத் தோணாது."

சபையில் சரிதான் என்பதுபோல் ஒரு முணுமுணுப்பு. லாஸோ என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது பயம். என்னைச் சாகடித்தபோது கூட அவள் இப்படிப் பயந்திருக்க மாட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் பிமோ தொண்டையைச் செருமினார். என் ஆவிக்கு வழிசொல்லி முன்னோரிடம் அனுப்ப முஜி அழைத்துவந்த பூசாரி. "கல்யாணத்தை அப்பறம் பேசுங்க. உயிரோட இருக்கற ஆளைச் செத்தான்னு ஒரு வாய் சொல்லியாச்சு. அந்த வார்த்தை இந்த வீட்டைச் சுத்திட்டே இருக்கும். அதைத் திருப்பியாகணும்."

"திருப்புங்க" என்றேன். "கோழி தர்றேன்."

அவர் சேவலின் காலைப் பிடித்துத் தூக்கினார். பிறகு தயங்கினார். "திருப்பினா அது கிளம்பின வாய்க்குத்தான் போகும், ஷிஹா."

எல்லோரும் லாஸோவைப் பார்த்தார்கள். வூகா ஒரே பாய்ச்சலில் சேவலைப் பிடுங்கித் தன் பாவாடைக்குள் செருகிக்கொண்டாள்.

"வேற வழியில்லையா?" என்றேன்.

"இருக்கு. சொன்ன வாயே எடுத்துக்கணும். எங்க சொன்னாளோ அங்கேயே, கேட்ட காதுக்கு முன்னாடியே."

"சொல்றேன்" என்றாள் லாஸோ. யோசிக்கக்கூட இல்லை. "ஆனா இந்த ஃபோன் கம்பெனியோடது. நான் வாயைத் திறந்து முடிக்கறதுக்குள்ள ஃபெங் அங்கிருந்தே பூட்டிடுவான். போன மாசம் கீழூர்ப் பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணான். பாடம் வேற எந்த ஃபோன்லயும் திறக்காது." அவள் எச்சில் விழுங்கினாள். "இன்னும் ஒரு பாடம்தான் பாக்கி. அதை மட்டும் பார்த்துட்டுச் சொல்றேன் அப்பா."

"பார்த்தியா, பார்த்தியா!" என்று முஜி தொடையில் அடித்தான். "அப்பன் தலைக்கு மேல சாவு சுத்துது, இவளுக்குப் பாடம்!"

அவன் சொன்னது நியாயம்தான் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. இந்தப் பெண் என்னை விற்றாள், சரி. எதற்கு விற்றாளோ அதையாவது முழுசாக வாங்கிக்கொள்ளட்டும். அரைகுறையாகச் சாக எனக்கு இஷ்டமில்லை.

"உக்காரு முஜி" என்றேன். "எல்லாரும் உக்காருங்க. எவனும் வாயைத் திறக்கக் கூடாது. பாடம் முடியட்டும்."

எங்கள் மலையில் அப்படியொரு சாவுச் சபையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பளி போர்த்திய அத்தனை ஆண்களும், அழுது முகம் வீங்கிய அத்தனை பெண்களும் முற்றத்தில் குந்திக்கொண்டிருக்க, நடுவில் என் மகள் ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்துக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியாரின் குரல் மட்டும் கேட்டது. ஓரிடத்தில் அவள் நிறுத்தித் திருப்பிப் போட்டாள். அவரும் அலுக்காமல் அதையே மறுபடி சொன்னார். காளை ஒருமுறை கத்தியது. பிமோ அதைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு என்ன சொல்றான்?" என்று எர்புவிடம் கிசுகிசுத்தாள்.

"நிழலை வச்சு மலை எவ்வளவு உயரம்னு சொல்றாராம் அத்தை."

"எந்த மலை?"

"எந்த மலையானாலும்."

"ஏறாமலேயா?"

"ஏறாமலே."

"ஏறாம உயரம் சொல்றவனை நம்பாதே" என்றான் முஜி. எல்லோரும் அவனை அதட்டி அடக்கினார்கள்.

பாடம் முடிந்ததும் லாஸோ எழுந்து முகத்தைக் கழுவினாள். நல்ல பாவாடையும் வெள்ளிக் காதணியும் போட்டுக்கொண்டாள். எல்லோருமாகப் பழைய மண்வீட்டுக்கு ஏறினோம். ஃபோனில் நேரலையைத் திறந்தாள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறுவதாக எர்பு சொன்னான். அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, நிமிர்ந்து பேசினாள். இவர்தான் என் அப்பா. சாகவில்லை. அம்மா ஓடவில்லை, அதோ நிற்கிறாள். நான் சொன்னதெல்லாம் பொய், எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீடு கீழே இருக்கிறது. எங்களுக்குப் பசியில்லை.

அந்தச் சின்னக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இத்தனை நாள் சுவருக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்ட முகம். எனக்கு அடக்க முடியவில்லை. ஒரு நோசு ஆண் தான் யாரென்று நிரூபிக்க ஒரு வழிதான் உண்டு. முன்னோர் பெயரை முதலிலிருந்து சொல்வான். எந்தச் சபையிலும் அதற்குமேல் சாட்சி கேட்க மாட்டார்கள். நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தேன். "ஜீஸெ ஆபு, ஆபு லோமு, லோமு ஷாடா, ஷாடா வூலி..." என்று தகப்பன் பெயரோடு மகன் பெயரைக் கோத்துக் கோத்து, என் பாட்டன், என் அப்பன், நான் என்று வந்து, "ஷிஹா! உயிரோட இருக்கேன்டா!" என்று முடித்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முஜி கூடத் தலையைக் குனிந்து நின்றான்.

"என்ன சொல்றாங்க?" என்று எர்புவைக் கேட்டேன்.

அவன் ஃபோனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"'தாத்தா நல்லாப் பாடறார், இன்னொரு பாட்டு'ன்னு கேக்கறாங்க மாமா. பூப் படம் அனுப்பறாங்க." கொஞ்சம் பொறுத்து, "'இந்த நடிகனுக்கு எவ்வளவு குடுத்தீங்க'ன்னு ஒருத்தன் கேக்கறான். 'அனாதைப் பொண்ணுக்கு எதுக்கு வெள்ளித் தோடு'ன்னு ஒருத்தி. 'அழுதப்பதான் நல்லாருந்துச்சு'ன்னு..."

அத்தோடு திரை இருண்டது. ஒரே ஒரு வரி மட்டும் வந்து நின்றது. பொய்த் தகவல் பரப்பியதால் இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டது என்று எர்பு படித்துச் சொன்னான். நான் செத்துக்கிடந்த அத்தனை நாளும் அது பொய்த் தகவலாகத் தெரியவில்லை அவர்களுக்கு. உயிரோடு வந்து நின்றேன், ஒரு உருளைக்கிழங்கு வேகும் நேரம்கூடக் கொடுக்கவில்லை! லாஸோ ஃபோனைத் தட்டிப் பார்த்தாள். அது திறக்கவில்லை. பாடமும் போயிற்று. அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வார்த்தையை எடுத்தாச்சு" என்றார் பிமோ. "எத்தனை காதுல விழுந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க."

"நல்லதாப் போச்சு" என்று முஜி முன்னால் வந்தான். "ஃபோன் செத்துப்போச்சு. இனிமே இவ இங்க என்ன பண்ணப்போறா? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அப்போதுதான் எர்புவை நன்றாகப் பார்த்தேன். மாமன் சாவுக்கு வந்தவன் மேலே புத்தம்புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையாத மாப்பிள்ளைச் சட்டை. பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, போடச் சொன்னதைப் போட்டிருப்பான். எனக்கு எல்லாம் வெளிச்சமாயிற்று. அப்பன் செத்துவிட்டால் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்று தாய்மாமன்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் அழுகையோடு இவ்வளவு அவசரம். ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்! ஃபெங்குக்கு என் சாவில் வியாபாரம், பார்த்தவர்களுக்கு என் சாவில் ஒரு நல்ல அழுகை, மச்சானுக்கு என் சாவில் மருமகள். நான் உயிரோடு இருப்பதுதான் எல்லோருக்கும் இடைஞ்சல்.

"மச்சான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் செத்திருந்தா நீ கேட்டிருக்கலாம். கேக்காமலே கூட்டிட்டும் போயிருக்கலாம். சாகலையே, என்ன பண்றது? உயிரோட இருக்கறவன் சொல்றேன், கேட்டுக்கோ. பொண்ணு பரிட்சை எழுதப் போறா. தோத்தாலும் அவ சொல்ற இடத்துக்குத்தான் போவா. உனக்குக் கிடையாது."

"தாய்மாமனை எதுத்தா நாளைக்கு உன் சாவுக்கு எவன் வருவான்?"

"அதான் வந்துட்டுப் போறியே. ஒரு சாவுக்கு ஒரு தடவை போதும்."

முஜி தரையில் துப்பிவிட்டுத் தன் கூட்டத்தோடு இறங்கிப் போனான். சாவுக்கு வந்த மாட்டைத் திருப்பி ஓட்டிப்போனால் சாவும் கூடவே போகும் என்பதால் காளையை விட்டுவிட்டுப் போனான். வெட்ட யாருக்கும் கை வரவில்லை. என் தொழுவத்தில்தான் நின்று தின்றுகொண்டிருக்கிறது. வூகா அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாள்.

பரீட்சை நாளன்று லாஸோவை நகரத்துக்கு அழைத்துப்போனேன். பள்ளி வாசலில் ஒரே கூட்டம். வண்டியில் முட்டை அவித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் லாஸோவைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் பேசிய ஹான் மொழியில் பாதி எனக்குப் புரிந்தது, மீதியை லாஸோ பிறகு சொன்னாள்.

"அடி கண்ணு! நீ அந்த மலைப் பொண்ணுதானே? அப்பன் செத்த பொண்ணு! உன்னைப் பார்த்து எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சூடான முட்டை ஒன்றை லாஸோவின் கையில் திணித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தாளு யாரு? உன்னை எதாச்சும் தொந்தரவு பண்றானா? காவல்காரரைக் கூப்பிடவா?"

"இவர்தான் எங்கப்பா" என்றாள் லாஸோ.

"உங்கப்பாதான் செத்துட்டாரே?"

"சாகல. நான் பொய் சொன்னேன். எடுத்துக்கிட்டேனே, நீங்க பார்க்கலையா?"

அவள் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர்களும் நம்பியிருக்கவில்லை. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல செருப்பு, துவைத்த சட்டை, உடம்பில் ஒரு நோவும் இல்லை. அவள் முகத்தில் இருந்த இரக்கம் மெல்ல வற்றி, ஏமாந்த கோபம் ஏறிவந்தது.

"அப்ப நான் அழுததெல்லாம்?" என்றாள். லாஸோவின் கையிலிருந்த முட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கறான், உனக்கெதுக்கு என் முட்டை?"

வாசலில் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். லாஸோவின் கை வெறுமனே நீட்டியபடியே நின்றது. நான் சட்டைப்பையில் இருந்த நோட்டை எடுத்து அந்த வண்டியின் பலகைமேல் அறைந்தாற்போல் வைத்தேன். எனக்குத் தெரிந்த சந்தை மொழியில், "ஒண்ணு" என்றேன். அவளுக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

முட்டையை நானே உரித்தேன். அவசரத்தில் வெள்ளைக் கருவும் கொஞ்சம் ஓட்டோடு போயிற்று.

"இந்தா. இது உங்கப்பன் வாங்கித் தந்தது" என்றேன். "தின்னுட்டுப் போ."

நின்று, மென்று, முழுசாகத் தின்றுவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள்.